கைத்துப்பாக்கிப் பிடியைச் சீவலாமா?

கருந்திரி தயாரிப்பது ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக் கைகளுக்குப் பழகிய வேலை. ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் தயாரித்தால் போலீஸ் வந்து நிற்கும். கைத்திறமை வேறு, அனுமதி வேறு என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

துப்பாக்கி விஷயமும் அப்படித்தான்.

பழைய கைத்துப்பாக்கிகளில் பிடியின் இரு பக்கமும் மரக்கட்டை இருக்கும். உறுத்தினால் திருகாணியைக் கழற்றி வேறு கட்டை மாட்டலாம். 1980-களில் ஆஸ்திரியாவிலிருந்து 'கிளாக்' வந்தது. அதன் உடலும் பிடியும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. சிறிய கைக்குப் பிடி தடிமன், வியர்த்தால் வழுக்கும். எனவே வெளிநாடுகளில் சிலர் வீட்டிலேயே அரத்தால் ராவுகிறார்கள். சூட்டுக்கோலால் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் பிடி மெலிந்துவிடும். உருகிய பிளாஸ்டிக் திரும்ப வளருமா?

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. துப்பாக்கி வைத்திருக்க ஒரு லைசென்ஸ். அதைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் வேறு லைசென்ஸ். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவது வேலையில் இறங்கினால் வழக்குதான்.

பிடியின் தொல்லை கம்பெனிக்கும் தெரிந்துதான் இருந்தது. 2010-ல் வந்த நான்காம் வரிசைக் கிளாக்கில், பிடியின் பின்புறம் கை அளவுக்கு ஏற்ற துண்டை மாட்டிக்கொள்ளலாம். பழைய துப்பாக்கிக்காரர்களுக்கு, சைக்கிள் கைப்பிடிக்கு இருப்பதுபோல ரப்பர் உறை கிடைக்கிறது. பிடிக்காவிட்டால் உருவிப் போடலாம்.