வீரரின் காயமும் நம் வாயும்: சங்கத்தின் நிலைப்பாடு

நடந்தது உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும். காயம்பட்ட ஒரு வீரரை இழிவுபடுத்திய அந்தப் பதாகையை யார் எழுதினார்கள், யார் இறக்கச் சொன்னார்கள், பெரிய திரைக்கு முன்னால் அன்றிரவு யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. அந்த வீரரின் பெயரையும் குறிப்பிடவில்லை. வேண்டிய அளவுக்கு மேலேயே அது அடிபட்டுவிட்டது. செயற்குழுவின் முடிவு இது: ஒரு வீரருக்கு என்ன காயம், எப்போது திரும்புவார், திரும்பி வர மனம் இருக்கிறதா இல்லையா என்று ஊகம் பரப்புவதற்கோ, அதை வைத்துப் பரிசுப் போட்டி நடத்துவதற்கோ, ஆர்செனல் ரசிகர்களான நம் சங்கத்தின் பெயரும் கூட்டங்களும் இனி இயன்றவரை பயன்படக் கூடாது. ‘இயன்றவரை’ என்பது குழுவில் சிலர் வற்புறுத்திச் சேர்த்தது. மனிதர்கள் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் பேசத்தான் செய்வார்கள், வாய்க்குப் பூட்டுப் போட முடியாது என்றார்கள். அதில் நியாயம் உண்டு என்பதால் ஏற்றோம். ஆனால் காயம்பட்டவரைப் பார்த்து ‘நடிக்கிறார்’ என்று சொல்வதற்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

நம் முன்னாள் வீரர் கசோர்லாவை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆனாலும் சென்ற சில வாரங்களில் பேசப்பட்டதைக் கேட்டால் மறந்துவிட்டோமோ என்றே தோன்றுகிறது. 2016 அக்டோபரில் லுடோகொரெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் கால்வலியோடு வெளியேறினார். சில வாரங்கள் என்றார்கள், பிறகு சில மாதங்கள் என்றார்கள். வயதாகிவிட்டது, ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருக்கிறார் என்று ஆளுக்கொரு கணக்கு. 2017 நவம்பரில் ஸ்பெயினின் ‘மார்கா’ நாளிதழுக்கு அவரே பேசிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அறுவை செய்த இடத்தில் கிருமி புகுந்து, குதிநாண் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு அரிக்கப்பட்டிருந்தது. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்ற நிலை. முன்கையிலிருந்து தோலை எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். கையில் பச்சை குத்தியிருந்த மகளின் பெயரில் ஒரு பகுதி காலுக்கு இடம் மாறியது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே நிறைவு கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னாராம். அந்த ஓராண்டு முழுக்க உலகெங்கும் எத்தனையோ பேர் அவர் காலைப் பற்றி ஊகித்தார்கள். எத்தனை பேர் சதை அழுகலை ஊகித்தார்கள்? 2019-ல் அவர் மீண்டும் ஸ்பெயின் அணிக்காகவே ஆடுவார் என்பதையும் யாரும் ஊகிக்கவில்லை.

இது விதிவிலக்கு, வழக்கமான காயங்களைக் கணிக்க முடியும் என்பது நமக்குள் எழுந்த முதல் மறுப்பு. ‘ஹாம்ஸ்ட்ரிங் என்றால் மூன்று வாரம்’ என்று நம் கூட்டங்களில் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தசை இழை மட்டும் கிழிந்த காயமும், தசைக்குள் ஓடும் நாண் வரை கிழிந்த காயமும் வெளியே ஒரே பெயரில்தான் அறிவிக்கப்படும்; ஆறும் காலமோ வெவ்வேறு. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளை 2001 முதல் தொடர்ந்து கவனித்துவரும் யூஈஎஃப்ஏ ஆய்வு, மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு இருபது ஆண்டுகளில் 12 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பழைய காயமே திரும்ப வந்தது. அப்படி வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீரர் களம் திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் வந்தவை. களத்துக்கு வந்துவிட்டவரையே குணமானவர் என்று சொல்ல முடியாதபோது, வராதவரைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறோம். முழங்காலின் ஏசிஎல் காயத்தில் இது இன்னும் தெளிவு. நோர்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட முடிவின்படி, அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பைச் சுமார் பாதியாகக் குறைத்தது. 2022–23 பருவத்தில் மட்டும் நம் மகளிர் அணியில் மீட், மீடமா, வில்லியம்சன், வீன்ராய்தர் என நால்வர் இதே காயத்தில் விழுந்தார்கள். ஹாம்ஸ்ட்ரிங்குக்கே திரும்பினால், நம் சாகாவின் கதை அண்மையது: 2024 டிசம்பர் 21-ல் கிறிஸ்டல் பேலஸில் விழுந்தவர், அறுவை முடிந்து, நூறு நாளுக்குப் பின் 2025 ஏப்ரல் 1-ல் ஃபுல்ஹாமுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி கோல் அடித்தார். இடையில் நம்மில் பலர் வாரத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொண்டிருந்தோம். ஒரு தேதிகூடத் தேறவில்லை.

ஊகம் தவறாகப் போவது சிறிய விஷயம். ஆத்திரமூட்டுவது, ஊகம் பொய்த்ததும் குற்றம் வீரர் தலையில் விழுவதுதான். தேதியை நாமே குறிக்கிறோம். அந்தத் தேதியில் அவர் வராவிட்டால் ‘மனவலிமை இல்லை’, ‘சம்பளம் மட்டும் வாங்குகிறார்’, ‘கண்ணாடிக் கால்’. நம் அபு தியாபியை இப்படித்தான் பேசினோம். 2006 மே மாதம் சண்டர்லாந்தில் பத்தொன்பதே வயதில் அவருடைய கணுக்காலை ஒரு மோசமான மோதல் உடைத்தது. அந்தக் கால் பிறகு ஒருபோதும் பழையபடி ஆகவில்லை, ஒன்றை அடுத்து ஒன்றாகக் காயங்கள் வந்தன. உடைத்தது இன்னொருவர் கால், ஏச்சு வாங்கியது இவர். ஓவன் ஹார்கிரீவ்ஸ் எதிரணிக்காரர்தான், இருந்தாலும் சொல்ல வேண்டும்: இரண்டு கிளப்புகளோடு சாம்பியன்ஸ் லீக் வென்ற மனிதர், முழங்கால் நோவோடு மூன்று ஆண்டுகள் போராடி, 2010 நவம்பரில் வுல்வ்ஸுக்கு எதிராக இறங்கி சில நிமிடங்களில் வெளியேறினார். அடுத்த கோடையில், தன்னால் ஓட முடிகிறது என்பதை ஊருக்குக் காட்ட யூடியூபில் காணொளி போட வேண்டியிருந்தது. நோயாளி தன் நோயை நிரூபிக்க வேண்டும், பிறகு தன் குணத்தையும் நிரூபிக்க வேண்டும். இரண்டையும் கேட்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவசரத்தின் விலை என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரேசிலின் ரொனால்டோ 1999 நவம்பரில் முழங்கால் நாண் காயப்பட்டு, அறுவைக்குப் பின் 2000 ஏப்ரல் 12-ல் லாட்சியோவுக்கு எதிராக இன்டர் அணிக்கு மாற்று வீரராக வந்தார். சில நிமிடங்களில் அதே நாண் முழுவதுமாக அறுந்து, தொட யாருமில்லாமல் தரையில் விழுந்து அலறினார். தியேகோ கோஸ்டா 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குத் தசைக் காயத்தோடு இறங்கி ஒன்பதாவது நிமிடத்தில் வெளியேறினார். இவையெல்லாம் ரசிகர்களால்தான் நடந்தன என்று இந்த அறிக்கை சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை, குழுவில் சிலர் அதை அழுத்திச் சொன்னார்கள். ஆனால் ‘எங்கே அவர்?’ என்ற கூச்சலைத் தினமும் கேட்கும் இருபத்திரண்டு வயது இளைஞன், வலிக்கிறது என்று பிசியோவிடம் உண்மையைச் சொல்வானா, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவானா என்பதை ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கலாம்.

காசு கொடுக்கிறோம், தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்ற வாதத்தைப் பெரும்பான்மையினர் பாதி ஏற்கிறோம். 2024 பிப்ரவரி 4-ல் ஹாங்காங்கில் மெஸ்ஸியைப் பார்க்கவென்றே விலையுயர்ந்த டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஆட்டம் முழுக்க அவரைப் பெஞ்சில்தான் பார்த்தார்கள். அவர்கள் கோபம் நியாயம். அமைப்பாளர்கள் பாதித் தொகையைத் திருப்பித் தர முன்வந்ததும் அந்தக் கோபத்தால்தான். ஆனால் மூன்று நாள் கழித்து டோக்கியோவில் அவர் அரைமணி நேரம் ஆடியதும், கோபம் அவர் தொடைக் காயத்தை விட்டு அரசியலுக்குத் தாவியது. சீனாவை அவமதிக்கவே ஆடவில்லை என்றார்கள். ஹாங்சௌவில் நடக்கவிருந்த அர்ஜென்டினா ஆட்டமே ரத்தானது. கடைசியில் தொடைத் தசையில் வீக்கம் இருந்தது, அரசியல் எதுவும் இல்லை என்று மனிதர் வெய்போவில் காணொளி வெளியிட்டார். டிக்கெட் விற்றவரிடம் கணக்குக் கேட்பது வாடிக்கையாளர் உரிமை. உடம்பின் சொந்தக்காரரிடம் கேட்பது வேறு.

கிளப்புகள் மறைக்கின்றன, பொய்யும் சொல்கின்றன என்பது இன்னொரு வாதம். மறுக்கவில்லை. எதிரணிக்குத் தெரியக் கூடாது, விற்பனை விலை குறையக் கூடாது என்று மறைப்பவர்கள் உண்டு. 1998 உலகக் கோப்பை இறுதியன்று ரொனால்டோவுக்கு வலிப்பு வந்த பிறகும் அவரை இறக்கியது ஏன் என்ற கேள்வி சரியான கேள்வி. ஆனால் அந்த ஊகம் எவ்வளவு வளர்ந்தது என்றால், பிரேசில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் அந்த இளைஞரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மௌனத்தை வதந்தியால் நிரப்பினால் என்ன ஆகும் என்பதை 2021 ஜூன் 12-க்குப் பிறகும் பார்த்தோம். கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் எரிக்சனின் இதயம் நின்று துடித்த சில மணி நேரத்துக்குள், தடுப்பூசிதான் காரணம் என்ற பொய் உலகைச் சுற்றியது. அவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்று அவருடைய கிளப்பான இன்டரின் நிர்வாகி மரோத்தா சொன்ன பிறகும் அது ஓயவில்லை. கிளப்பிடம் நாம் கேட்கப் போவது ஒன்றுதான்: வீரர் சம்மதித்தால் எந்த உறுப்பில் காயம் என்று சொல்லுங்கள், சம்மதிக்காவிட்டால் அதையும் நேராகச் சொல்லுங்கள், நம்ப முடியாத தேதிகளைத் தராதீர்கள்.

ஃபேன்டசி லீகில் காயச் சந்தேகத்தைக் காட்டும் மஞ்சள் கொடி பார்த்து அணி மாற்றுவது அவரவர் விருப்பம், சங்கம் தலையிடாது. பந்தயம் பற்றி ஏற்கெனவே விதி இருக்கிறது. காயம் பற்றிய அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பகிர்வதும் அதைப் பற்றிக் கவலைப்படுவதும் இந்த முடிவுக்குள் வராது.

‘எப்போது திரும்புவார்’ பரிசுப் போட்டி இன்றோடு நிறுத்தப்படுகிறது. கட்டிய பணம் திருப்பித் தரப்படும். காயம்பட்ட வீரரை இழிவுபடுத்தும் பதாகையோடு வருபவருக்குக் கூட்டத்தில் இடமில்லை, அவர் எவ்வளவு மூத்த உறுப்பினராக இருந்தாலும் சரி. குழுவில் இதற்கு ஒருமனதான ஆதரவு இல்லை என்பதை மறைக்கவில்லை. ஏற்காதவர்கள் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்து வாக்கெடுப்பில் வெல்லட்டும். அதுவரை இது நடைமுறையில் இருக்கும்.