பின்சக்கரங்களைப் பூட்டலாமா?



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சேலம், நாமக்கல் வட்டாரத்துக் காட்டுப் பாதைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மரவள்ளிக்கிழங்கு ஏற்றப்போன வண்டியோ, ஆழ்துளைக் கிணறு தோண்டப்போன ரிக் வண்டியோ செம்மண் சேற்றில் சிக்கி நிற்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, ஒரு பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றொரு பின்சக்கரமோ அசையாது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் ஆற்றல் போகும் ஜீப் வகை வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் சுழன்று அவையும் நின்றுவிடும்.

இதற்கு மருந்தாக விற்கப்படுவதே 'டிஃபரன்ஷியல் லாக்' என்னும் பூட்டு. (இதை 'வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதிப் பூட்டு' என்று தமிழாக்கலாம்தான்; ஆனால் நாமக்கல் பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.) பூட்டு எவ்வளவு கடுமையானதோ அவ்வளவு நல்லது என்று வண்டிப் பித்துள்ள இளைஞர்கள் பலரும் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் பகுதிக்கு ஏற்றது, பின் அச்சில் மட்டும் அமைந்து, ஓட்டுபவர் வேண்டும்போது பூட்டி வேண்டாதபோது திறக்கக்கூடிய லாக்தான். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், பூட்டப்படும் பொருள் எதற்காக இருக்கிறது? வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். மாட்டு வண்டியில் இது ஒரு சிக்கலே அன்று. அச்சு நிலையாக இருக்க, சக்கரங்கள் தம்போக்கில் சுழல்கின்றன. ஆனால் மோட்டார் வண்டியில் ஒரே இயந்திரம் இரண்டு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். அவை வெவ்வேறு வேகத்தில் ஓடவும் வேண்டும். இதற்கான பற்சக்கர அமைப்புக்கு 1827-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனெசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். நீராவி வண்டிக்காகச் செய்த ஏற்பாடு அது.

கூடுதல் தூரம் எவ்வளவு? இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலம் சுமார் 1.5 மீட்டர் என்று கொள்வோம். வண்டி அரைவட்டம் திரும்பினால் உட்சக்கரத்தின் பாதை π × r, வெளிச்சக்கரத்தின் பாதை π × (r + 1.5). கழித்துப் பாருங்கள். r மறைந்துவிடுகிறது! வளைவு பெரிதோ சிறிதோ, வேறுபாடு π × 1.5, அதாவது ஏறத்தாழ 4.7 மீட்டர். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் அரைவட்டம் என்று வைத்துக்கொண்டால், மேலே போய்ச் சேர்வதற்குள் மொத்த வேறுபாடு 330 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிஃபரன்ஷியல் இதைச் சத்தமின்றிச் சரிசெய்துவிடுகிறது. சக்கரங்களைப் பூட்டிவிட்டு ஏறினால் இந்த 330 மீட்டரையும் டயர்கள் தார்ச்சாலையில் தேய்ந்தே கழிக்க வேண்டும்.

தேய்மானம் மட்டும் என்றால் பணத்தோடு போயிற்று. பூட்டிய நிலையில் உட்சக்கரம் தன் பாதைக்கு வேண்டியதைவிட வேகமாகச் சுழன்று வண்டியை முன்னே தள்ளும். வெளிச்சக்கரம் பின்னே இழுக்கும். இவ்விரு விசைகளும் ஓர் இரட்டையாக அமைந்து, ஸ்டியரிங் திருப்பும் திசைக்கு எதிராக வண்டியைத் திருப்பப் பார்க்கும். வண்டி வளைவில் திரும்பாமல் நேரே போக முயலும். கொல்லிமலைச் சாலையில் நேரே என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சேற்றுக்கு வருவோம். நடுவில் முளை அடித்த ஒரு நுகத்தடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முளையில் பாரம், இரு முனைகளில் இரண்டு மாடுகள். தடி முளையைச் சுற்றித் தடையின்றித் திரும்பும் என்றால், இரு மாடுகளும் சமமாக இழுத்தால்தான் அது நேராக நிற்கும். ஒரு மாடு சோர்ந்தால், மற்றது எத்தனை பலசாலியானாலும் தடி திரும்புமே தவிரப் பாரம் நகராது. சோர்ந்த மாட்டின் இழுப்பைப் போல இரண்டு மடங்குதான் பாரத்துக்குக் கிடைக்கும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரம் செய்வது இதே வேலை. அது இருபுறமும் சம அளவான திருப்புவிசையைத்தான் தரும்.

எண்களில் சொன்னால்: சேற்றிலுள்ள சக்கரம் 500 நியூட்டன் உராய்வையும், கெட்டித் தரையிலுள்ள சக்கரம் 5,000 நியூட்டன் உராய்வையும் தாங்கும் என்க. வண்டி வெளிவர 2,000 நியூட்டன் தேவை. திறந்த டிஃபரன்ஷியலில் கிடைப்பது 500 + 500 = 1,000 மட்டும். பூட்டினால் நுகத்தடியை ஏர்க்காலோடு அசையாமல் கட்டியதுபோல் ஆகிறது. தேவைப்பட்டால் 5,500 வரை கிடைக்கும். வண்டி ஏறிவிடும். ஆனால் இரு சக்கரங்களும் சேற்றில் என்றால் பூட்டியும் 1,000-தான். லாக் உராய்வை உண்டாக்குவதில்லை. இருக்கிற உராய்வை வீணாகாமல் பயன்படுத்துகிறது, அவ்வளவே. பட்டன் தேய்ந்த டயரை மாற்றாமல் லாக்குக்குச் செலவழிப்பவரைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

சந்தையில் உள்ளவற்றில் மிகக் கடுமையானது, டிஃபரன்ஷியலை அறவே நீக்கி அச்சை ஒரே கம்பியாக்கிவிடுவது. பந்தய வண்டிக்கு அது ஆகலாம். அடுத்தது, எப்போதும் பூட்டியே இருந்து, வளைவில் வெளிச்சக்கரத்தை மட்டும் 'கடக் கடக்' என்று நழுவவிடும் தானியங்கி வகை. இதில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்தால் பூட்டு பிடிப்பதும் விடுவதுமாக வண்டி வெட்டி இழுக்கும். மலை வளைவுகளுக்கு இவ்விரண்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வகை சற்று நாகரிகமானது. மகிந்திரா தார் வண்டியில் 2015-இல் வந்த ஈட்டன் நிறுவன லாக் இத்தகையது. இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்துக்கு 100 சுற்றை எட்டும்போது, உள்ளே எடைக்கட்டைகள் மையவிலக்கால் விரிந்து பூட்டை விழச் செய்கின்றன. கொண்டை ஊசி வளைவில் இது விழுந்துவிடாதா? கணக்கிடலாம். 8 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் திரும்பினால், சாதாரண ஜீப் சக்கரங்களுக்கிடையே வேறுபாடு நிமிடத்துக்கு 20 சுற்று அளவே வரும். எனவே காய்ந்த சாலையில் அஞ்ச வேண்டாம். மழையில், பாரம் குறைந்த உட்சக்கரம் வழுக்கிச் சுழன்றால்தான் பூட்டு கேட்காமலே விழும். இதை இரண்டாம் இடத்தில் வைப்பேன்.

இனிப் பிரேக் வகை. இந்தியாவில் 2023-இல் வந்த மாருதி ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைக் கணினி பிரேக் போட்டுப் பிடிக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அந்தச் சக்கரத்தின்மேல் 2,000 நியூட்டன் அளவுக்குப் பிரேக் பிடித்தால், டிஃபரன்ஷியல் மறுபக்கமும் 2,500 தந்தாக வேண்டும். ஆக 3,000 கிடைத்து வண்டி வெளிவரும். ஆற்றலில் பெரும் பகுதி பிரேக்கில் சூடாகிப் போகும். நெடுநேரச் சேற்றுப் பயணத்துக்கு இது தாங்காது. ஆனால் புதுமை என்று வியக்காதீர்கள். டிராக்டரில் இடது, வலது பிரேக் மிதிகள் தனித்தனியாக உள்ளன அல்லவா? சுழலும் பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்து வெளியேறும் வித்தை, மோகனூர்ப் பக்கம் சேற்றுழவு ஓட்டுபவருக்கு நெடுங்காலமாகவே தெரியும்.

நான் பரிந்துரைக்கும் வகைக்கும் டிராக்டரே முன்மாதிரி. இருக்கைக்கு அருகில் குதிகாலுக்கு எட்டும்படி லாக் மிதி இருக்கும். மிதித்தால் பூட்டும், காலை எடுத்துவிட்டு, பற்களின் மேலுள்ள சுமை தளர்ந்தால் தானே விடுபடும். வரப்பருகே திரும்புவதற்கு முன் காலை எடுத்தாக வேண்டும். இல்லையேல் டிராக்டர் திரும்ப மறுக்கும். ஒற்றைப் பிரேக்கும் பயன் தராது. சில ஜீப்புகளில் இதே வேலையை நெம்புகோலோ, அழுத்தக் காற்றோ, மின்காந்தமோ செய்கிறது. 2024-இல் வந்த தார் ராக்ஸின் நான்கு சக்கர இயக்க வகையில் மின்சாரத்தால் பூட்டும் லாக் உண்டு.

"மறந்துபோய்ப் பூட்டியபடியே சாலைக்கு வந்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த ஒரு காரணத்துக்காகவே எச்சரிக்கை விளக்கு இல்லாத கை லாக்கை வாங்கக் கூடாது என்பேன். மிதியிலிருந்து காலை எடுத்ததும் விடுபடும் டிராக்டர் முறை, சுவிட்சைப் போட்டுவிட்டு மறக்கும் முறையைவிட எனக்கு உயர்ந்ததாகவே படுகிறது. கார் நிறுவனங்கள் அதைப் பின்பற்றவில்லை.

முன் அச்சுக்கும் லாக் வேண்டுமா? ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் தனித்தனியே உள்ளது. பாறைச் சரிவில் ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் அந்தரத்தில் நிற்கும்போது அது கைகொடுக்கும். ஆனால் முன்சக்கரங்களைப் பூட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பவே கை வலிக்கும். காட்டிலிருந்து கிழங்கு ஏற்றி வருபவருக்கு அது தேவைப்படாது; அந்தப் பணத்தில் நல்ல பட்டனுள்ள டயர்கள் வாங்கலாம்.