நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை உள்ளிழு!

கடந்த திங்கட்கிழமை சபைகூடலில் மீண்டும் அந்தக் குரலைக் கேட்டேன். "செடியா!" என்னும் கட்டளை முடிந்தபின் ஆசிரியர் ஒருவர் வரிசைகளுக்கு நடுவே நடந்து சென்று, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் முதுகில் தட்டினார். "நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை உள்ளே இழு, பின்பக்கத்தைத் தூக்காதே" என்றார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆசிரியரும் சிரித்தார். அவரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. ஒரு காலத்தில் நானும் அதையே செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க.

அன்று என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வயிறு முன்தள்ளி, கீழ்முதுகு குழிந்து நிற்பாள். பிள்ளைகள் அவளுக்கு 'வாத்து' என்று பெயரிட்டனர். நான் தடுக்கவில்லை. நேராக நிற்கத் தெரியாத பிள்ளை என்றே எண்ணி, நாள்தோறும் நெஞ்சை நிமிர்த்தச் சொன்னேன். சில வாரங்களில் அவள் உடற்கல்விச் சட்டையைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். குறுக்கோட்டப் போட்டியன்று காய்ச்சல் என்று கடிதம் வந்தது. பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய தாயார் என்னிடம், "சார், நீங்க சொன்னீங்கன்னு இணையத்துல பெல்ட்டு வாங்கிப் போட்டுவிட்டேன். எண்பது வெள்ளி. வயித்துல தடம் விழுது, அழுவுறா. கழட்டவா, வேணாமா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாத ஒன்றைத்தான் அத்தனை நாளாகக் கட்டளையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் அவளைப் படுக்க வைத்தும் நடக்க வைத்தும் பார்த்துவிட்டு, "குறை ஒன்றும் இல்லை; பெல்ட்டைக் கழற்றுங்கள், பிள்ளையை ஓட விடுங்கள்" என்றாராம். அதன்பின்தான் நான் படிக்கத் தொடங்கினேன்.

இடுப்பெலும்பை நீர் நிறைந்த வாளியாக எண்ணிக்கொள்ளுங்கள். வாளி முன்பக்கம் சாய்ந்து நீர் தொப்புளுக்குக் கீழே சிந்துமாயின் அதுவே முன்சாய்வு. அதற்கேற்பக் கீழ்முதுகு உள்வளையும். வயிறு முன்னே தெரியும். இது நோயின் பெயர் அன்று, ஒரு கோணத்தின் பெயர். 2011-இல் இங்கிலாந்தில் லீ ஹெரிங்டன் என்பார் வலி ஏதுமற்ற 120 பேரை அளந்து வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 85 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 75 விழுக்காட்டினருக்கும் இம்முன்சாய்வு இருந்தது. பெரும்பாலோர்க்கு உள்ளதை எப்படிக் குறை என்பது? சிறு பிள்ளைகளுக்கோ வயிறு தள்ளி முதுகு குழிந்து நிற்பது இயல்பு. வளர வளரப் பலருக்கு அது குறையும்.

இனி நம் கட்டளைக்கு வருவோம். நீங்களே எழுந்து நின்று நெஞ்சை உயர்த்திப் பாருங்கள். விலாவெலும்புகள் மேலெழும், கீழ்முதுகு இன்னும் குழியும், பின்பக்கம் இன்னும் பின்செல்லும். அதாவது, 'நெஞ்சை நிமிர்த்து' என்று சொல்லி நாமே சாய்வைக் கூட்டிவிட்டு, அடுத்த மூச்சில் 'பின்பக்கத்தைத் தூக்காதே' என்று அதட்டுகிறோம். பரதநாட்டிய ஆசிரியர்கள் இதை நம்மினும் நன்கறிவர். அரைமண்டியில் பிள்ளை பின்பக்கத்தைத் தள்ளினால், இடுப்பின் நிலையைத்தான் திருத்துவர். நெஞ்சைப் பிடித்து இழுப்பதில்லை.

பெற்றோர் தரப்பிலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு: எல்லாம் கைப்பேசியால் வந்தது என்பது. நாற்காலியில் கூனிச் சரிந்து உட்காரும்போது இடுப்பெலும்பு சாய்வது பின்பக்கமாக, முன்பக்கமாக அன்று. செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா, தொடையை மடக்கும் தசைகளும் கீழ்முதுகுத் தசைகளும் இறுகி, வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் தளர்வதே முன்சாய்வின் அமைப்பு என்று விளக்கினார். இன்றும் பலர் அதையே போதிக்கின்றனர். ஆனால் வயிற்றுத் தசையின் வலிமைக்கும் சாய்வுக்கும் தொடர்பு தென்படவில்லை என்று 1987-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வல்லுநர்களே இவ்வளவு தயங்கும் இடத்தில் பெல்ட் விற்பவர்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது அத்தனை உறுதி?

பிள்ளைகள் அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது நன்றன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களை உட்கார வைத்தவர் யார்? உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் 'கடன்' வாங்கியவர்கள் நாம்தாம். திருப்பிக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. முன்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. கடன் மட்டும் தொடர்கிறது. திடலில் ஓடவிடாமல் ஐந்து நாள் உட்கார வைத்துவிட்டு, ஆறு நிமிடச் சபைகூடலில் உடலைத் திருத்துகிறோமாம்!

நகைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. உண்மையில் நோயுற்ற பிள்ளையை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். பாலர் பள்ளியிலோ முதலாம் ஆண்டிலோ ஒரு பையன் முதுகு குழிந்து, அசைந்தசைந்து நடந்து, படியேறத் திணறி, தரையிலிருந்து எழும்போது தன் கைகளைத் தொடைமேல் ஊன்றித் தன் உடல்மீதே ஏறுவதுபோல் எழுகிறான் என்றால், சிரிக்காதீர்கள். உடனே பெற்றோரை அழையுங்கள். வில்லியம் கோவர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1879-இல் விளக்கி எழுதிய அறிகுறி அது. தசைச் சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். அதுபோலவே முதுகுவலி, கால் மரத்துப்போதல், திடீரென நடை மாறுதல் ஆகியவற்றையும் மருத்துவரே பார்க்க வேண்டும். 'வாத்து நடை' என்று நாம் பெயர் சூட்டிய பிள்ளைகளுள் எத்தனை பேரை இப்படிக் கூர்ந்து பார்த்தோம்?

மற்றப் பிள்ளைகளுக்குத் தேவையானது எளிது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, கீழ்முதுகால் தரையை மெல்ல அழுத்துதல். அதே நிலையில் இடுப்பைப் பாலம்போல் உயர்த்துதல். ஒரு முழங்காலை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, தொடையின் முன்பக்கத்தை நீட்டுதல். எல்லாரும் சேர்ந்து செய்யட்டும். ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தித் திருத்த வேண்டா. இதனால் நிற்கும் தோற்றம் மாறுமென்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். உடல் வலுப்படும். ஓடவும் குதிக்கவும் கூச்சம் குறையும். எனக்கு அதுவே போதும்.

அந்த மூன்றாம் ஆண்டு மாணவனின் வகுப்புக்குப் புதன்கிழமை உடற்கல்வி. அன்று கணிதம் நடத்தவிருந்தவரிடம் பேசி, பாடவேளையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். பாய்கள் பத்து குறைகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்க நண்பர்கள் யாரேனும் வாங்கித் தர இயலுமாயின் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள்.