மஞ்சூர் டூ துருவ ஒளி: ஏர்லைன்ஸ் பாயிண்ட்ஸ் இருந்தால் பயணம் ஃப்ரீயா?

வானத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒளி ஆடுகிறது. கீழே ஒரு வரி: 'டிக்கெட் முழுக்க பாயிண்ட்ஸ்தான், காசே செலவில்லை.' இப்படிப்பட்ட ரீல்ஸை மஞ்சூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் பார்க்கலாம். கையில் கிரெடிட் கார்டு இருந்தால் நாமும் போக முடியுமா?

முடியும். ஆனால் அந்த 'காசே செலவில்லை'தான் இடிக்கிறது.

பாயிண்ட்ஸ் எப்படி வேலை செய்கிறது?

விமானத்தில் பறந்தாலும், சில கார்டுகளில் செலவு செய்தாலும் புள்ளிகள் சேரும். அவற்றைக் கூட்டணி நிறுவனங்களிலும் பயன்படுத்தலாம். ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. அதனால் அதன் புள்ளிகளை வைத்து லுஃப்தான்சாவின் சென்னை - பிராங்பேர்ட் விமானத்தில் சீட் தேடலாம். கத்தார் ஏர்வேஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஃபின்ஏர் மூன்றுக்கும் 'ஏவியோஸ்' என்ற ஒரே புள்ளிதான். ஃபின்ஏர் பின்லாந்தின் வடக்கே ரோவனியெமி, இவாலோ வரை பறக்கிறது.

சிக்கல் எங்கே?

நார்வேயின் ட்ரோம்சோவுக்குப் பறக்கும் எஸ்ஏஎஸ் நிறுவனம், 2024 ஆகஸ்ட் 31-உடன் ஸ்டார் அலையன்ஸை விட்டு விலகியது. மறுநாளே ஸ்கைடீமில் சேர்ந்தது. அதை நம்பி ஏர் இந்தியா புள்ளிகளைச் சேர்த்தவர்களுக்கு அந்த வழி அப்படியே அடைபட்டது. புள்ளி ஒன்றும் வங்கி டெபாசிட் இல்லை. விதியை எப்போது வேண்டுமானாலும் நிறுவனம் மாற்றலாம்.

புள்ளியில் டிக்கெட் எடுத்தாலும் வரி, கட்டணங்களைப் பணமாகத்தான் கட்ட வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. தங்குமிடம், சாப்பாடு தனி. உறைபனி நமக்குப் புதுசா என்று ஊர் ஸ்வெட்டரோடு கிளம்பவும் முடியாது. ரோவனியெமியில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது சகஜம்.

பசுந்தேயிலை விலை மாதாமாதம் மாறும் ஊரில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். புள்ளிக்காகக் கார்டைத் தேய்த்துவிட்டு பில்லைப் பாக்கி வைத்தால், பல கார்டுகளில் மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி. சேர்ந்த புள்ளியின் மதிப்பை அதுவே விழுங்கிவிடும்.

இப்போது விட்டால் அவ்வளவுதானா?

இல்லை. சூரியன் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. 'கடைசி சான்ஸ்' விளம்பரங்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் உச்சம் தாண்டிய ஆண்டுகளிலும் பலமான சூரியப் புயல்கள் வரும். ட்ரோம்சோ இருக்கும் 69 டிகிரி அட்சரேகையில், சூரியன் அமைதியாக இருந்தாலும் ஒளி தெரியும். அங்கே பெரிய வில்லன் மேகம்தான். செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரைதான் சீசன். நாலைந்து இரவாவது தங்கினால் நல்லது.

மஞ்சூரிலிருந்தே பார்க்க முடியாதா? 2024 மே புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு ஒளி கேமராவில் பதிவானது. மஞ்சூரோ 11 டிகிரியில் இருக்கிறது. இங்கே அது வானில் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும். 2015 ஜூன் 22 சூரியப் புயலின் தாக்கத்தை ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் சுமார் 2 மணி நேரம் பதிவு செய்தது.

கிளம்புவது என்று முடிவெடுத்தால், முதலில் சீட் இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் சுமார் 11 மாதத்துக்கு முன்பே புக்கிங்கைத் திறக்கின்றன. புள்ளிக்கான சீட்கள் கொஞ்சம்தான். சீட் உறுதியாகத் தெரிந்த பிறகே வங்கிப் புள்ளியை விமானப் புள்ளியாக மாற்றுங்கள். மாற்றிவிட்டால் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது.