காற்று யாருக்குச் சொந்தம்?

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைக் கோபுரங்கள் நிற்கின்றன. ஏறத்தாழ 100 மெகாவாற்று வலுக்கொண்ட இந்தத் ‘தம்பபவனி’ மின்னிலையம் இலங்கை மின்சார சபையினால், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு நிறுவப்பட்டு, 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. இத்தீவின் மக்களே 2025 ஆகஸ்டில், “இனியொரு கோபுரமும் வேண்டாம்” என்று வீதிக்கு இறங்கினர். உடனே படித்த பெருமக்கள் சிலர், இவர்கள் விஞ்ஞானத்தின் விரோதிகள், அபிவிருத்தியின் பகைவர்கள் என்று முத்திரை குத்தத் தொடங்கிவிட்டனர். “மன்னார்ச் சனங்கள் கரண்ட் வேண்டாமெண்டா சொல்லுகினம், சேர்?” என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்குக் கூறிய மறுமொழியையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் விஞ்ஞானத்தையே எடுத்துக்கொள்வோம். காற்றின் வேகம் இரு மடங்கானால், அது தரக்கூடிய வலு எட்டு மடங்காகும். எனவேதான் சோழகம் ஓங்கி வீசும் மன்னார்க் கரையைத் தேடி மூலதனம் வருகிறது. காற்று மின்சாரம் இந்நாட்டிற்குத் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. 900 மெகாவாற்று வலுக்கொண்ட நுரைச்சோலை அனல்மின் நிலையம் இறக்குமதி நிலக்கரியிலேயே உயிர்வாழ்கிறது. 2022 மார்ச் மாத இறுதியில், எரிபொருள் வாங்க டொலர் இன்றி நாளொன்றுக்கு 13 மணி நேரம் நாடு இருளில் கிடந்ததை யார் மறந்தார்? காற்றாலை மழையை விரட்டிவிடும் என்று ஊர்களில் உலவும் பேச்சுக்கு ஆதாரமில்லை என்பதையும் நாம் தயங்காமல் சொல்லவேண்டும். மக்களோடு நிற்பதென்பது அவர்களுடைய ஒவ்வொரு நம்பிக்கைக்கும் தலையாட்டுவதல்ல.

ஆனால், காற்று தூயது என்பதனால் அதன்மீது செய்யப்படும் வியாபாரமும் தூயதாகிவிடுமா? 2022 ஜூனில், புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்களுக்கு விலைமனுப் போட்டி தேவையில்லை என்னும் வகையில் மின்சாரச் சட்டம் பாராளுமன்றத்தில் திருத்தப்பட்டது. அதே நாட்களில், மன்னார்த் திட்டத்தை அதானி நிறுவனத்துக்கு வழங்குமாறு இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்று மின்சார சபைத் தலைவர் ‘கோப்’ குழுவின் முன் கூறினார். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் தம் சொல்லை மீளப்பெற்று, பதவியையும் துறந்தார். பின்னர், 2024 மே மாதத்தில், மன்னாரிலும் பூநகரியிலும் அமையவிருந்த 484 மெகாவாற்றுத் திட்டத்தின் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு, அலகொன்று 8.26 அமெரிக்க சதமாக வாங்க அமைச்சரவை இணங்கியது. அடுத்த ஆண்டு, விலைமனுப் போட்டியில் வந்த 50 மெகாவாற்று மன்னார்த் திட்டமொன்றின் விலையோ 4.65 சதம்! திட்டங்களின் அளவு வேறு, காலம் வேறு என்பது உண்மையே. எனினும் அவ்விடைவெளியை யாருடைய உழைப்பு நிரப்பியிருக்கும் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. அத்துடன் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. உள்நாட்டு மூலதனம் அவ்விடத்திற்கு வந்தது. ஆகஸ்டில் ஜனாதிபதி பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பர் 26இல், கோபுர உறுப்புகளை ஏற்றிவந்த வாகனங்களை மறித்த மக்கள்மீது பொலிஸார் பலாத்காரம் பிரயோகித்தனர். முதலாளியின் தேசியம் மாறியதே தவிர, மக்களைக் கேளாத முறை மாறவில்லை.

அம்மக்கள் கூறுவதென்ன? கோபுரங்களுக்காக எழுப்பிய வீதிகளும் அத்திவாரங்களும் மழைவெள்ளம் கடலுக்கு வடியும் வழிகளை அடைக்கின்றன என்கின்றனர். கரைவலைக்கும் சிறு தோணிக்கும் மீன் குறைந்தது என்கின்றனர். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தை நாடி வரும் வலசைப் பறவைகளின் கதியென்ன என்று வினவுகின்றனர். இவை மூடநம்பிக்கைகளா? அளந்தும் ஆராய்ந்தும் விடைகூறத்தக்க வினாக்கள் அல்லவா? வினவுபவனைப் பிற்போக்குவாதி என்பதும், தடியடியால் விடைகூறுவதும் எவ்வகை விஞ்ஞானம்?

இன்னொரு வழியும் உலகில் உண்டு. டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 20 காற்றாலைகளுள் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியதாக இருந்தது. 2008இல் அந்நாடு இயற்றிய சட்டம், புதிய காற்றாலைகளின் பங்குகளில் குறைந்தது 20 விழுக்காட்டை அயலில் வாழ்வோருக்கு முதலில் விற்க முன்வரவேண்டுமெனக் கட்டளையிட்டது. அதுவும் முதலாளித்துவ நாடுதான். அங்கு கேட்டுப் பெற்றதை இங்கு ஏன் கேட்கக்கூடாது?

நமது கோரிக்கைகள் எளியவை. திட்டம் வரையப்படுமுன் மக்களின் சம்மதம் பெறப்படவேண்டும். ஒப்பந்தங்கள் மூன்று மொழிகளிலும் பகிரங்கப்படுத்தப்படவேண்டும். வெள்ளம் வடியும் வழிகளைத் திட்டம் அமைப்போரே தம் செலவில் காக்கவேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வருவாயில் சட்டபூர்வமான பங்கு வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! காற்றாலை எவ்வாறு சுழல்கிறது என்பதைப் பாடநூல் கற்பிக்கும். யாருக்காகச் சுழல்கிறது என்பதை நாம்தான் கற்பிக்கவேண்டும். சோழகக் காற்றில் தோணி செலுத்திய மக்களைக் கேளாமல் அக்காற்றை விற்க எவருக்கும் உரிமையில்லை.