பெட்ரோல் வண்டியா, பேட்டரி வண்டியா? ஓட்டப் போறது யாரு?

எங்க வீட்டுல ஒரு மாசமா ஒரே பட்டிமன்றம். அப்பா ஸ்கூட்டர் வாங்கப் போறார். பெட்ரோல் வண்டியா, பேட்டரி வண்டியா? இதுதான் தலைப்பு. நான் இதுல என் கருத்தைச் சொல்ல ஆசைப்படுறேன்.

அக்காவுக்கு 18 வயசு முடிஞ்சிருச்சு. இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருக்கா. காலேஜ் எங்க ஊர்ல இருந்து 12 கிலோமீட்டர். பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும். அதனாலதான் வண்டி வாங்கும் பேச்சே வந்தது.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். போக வர 24 கிலோமீட்டர். மாசம் 26 நாள்னா 624 கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தா 14 லிட்டர் வேணும். லிட்டர் 100 ரூபாய்னு வைத்தாலே 1,400 ரூபாய். பேட்டரி வண்டிக்கு 3 யூனிட் கரண்டுல 80 கிலோமீட்டர் ஓடும்னு வையுங்க. மாசம் 24 யூனிட். யூனிட் 10 ரூபாய்னு கூட்டியே போட்டாலும் 240 ரூபாய்தான். மிச்சம் 1,160 ரூபாய். நாங்க பார்த்த பேட்டரி வண்டி விலை 20,000 ரூபாய் அதிகம். ஆனாலும் ஒன்றரை வருஷத்துல அந்தப் பணம் திரும்பி வந்துடும். பேட்டரி போயிட்டா மாத்துற செலவு பெரிசு என்பதும் உண்மை. அதனால வாரண்டி எத்தனை வருஷம்னு கேட்டு வாங்கணும்.

கணக்குல பேட்டரி வண்டி ஜெயிச்சிருச்சு. ஆனா கணக்கு மட்டும் போதுமா? ஓட்டப் போறவங்க புதுசா கத்துக்கிறவங்க ஆச்சே!

போன பொங்கல் லீவுல சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பேட்டரி வண்டியை வாசல்ல நிறுத்திட்டு, சாவியை அணைக்காமலே உள்ளே போயிட்டார். சத்தமே இல்லை. வண்டி ஆஃப்ல இருக்குன்னு நினைச்சு, ஓரமா தள்ளி வைக்க ஹேண்டில்பாரைப் பிடிச்சேன். வலது கை ஆக்சிலேட்டரைத் திருகிடுச்சு. வண்டி ஒரே பாய்ச்சலா பாய்ஞ்சு தண்ணித் தொட்டியில மோதுச்சு. என் முழங்கால்ல 4 தையல். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அந்தத் தொட்டிகிட்ட சித்தப்பாவோட சின்னப் பொண்ணு நின்னு விளையாடிட்டு இருந்தா. இப்ப நினைச்சாலும் உடம்பு நடுங்குது.

பெட்ரோல் வண்டி உறுமும். அது ஓடுதுன்னு காது சொல்லிடும். பேட்டரி வண்டி சொல்லாது. திருகின உடனே முழு பலத்தோட இழுக்கும். பின்னால வர்றது தாத்தா பாட்டிக்கும் தெரியாது, ஆடு மாட்டுக்கும் தெரியாது. அதுக்காக அது கெட்ட வண்டின்னு நான் சொல்ல மாட்டேன். வேகத்தைக் குறைச்சு வைக்கிற ‘ஈகோ’ வசதி பல வண்டிகள்ல இருக்கு. கத்துக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி. இறங்கினா சாவியை எடு, ஏறினா பிரேக்கைப் பிடி. இந்த ரெண்டும் பழக்கமாகிட்டா பயம் இல்லை.

இப்பதான் முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அப்பா என்ன சொல்றார் தெரியுமா? “அண்ணன் ஓட்டட்டும், அக்கா பின்னாடி உட்காரட்டும்” என்கிறார். அண்ணனுக்கு 16 வயசுதான்! 16 வயசுல 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்குத்தான் சட்டத்துல இடம் இருக்கு. நாங்க வாங்கப் போற வண்டிக்கு 18 முடியணும். 2019ஆம் ஆண்டு சட்டத் திருத்தப்படி, 18 வயசுக்குள்ள உள்ளவங்க இப்படி ஓட்டி மாட்டினா வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை சிறை. வண்டியோட பதிவு 12 மாசத்துக்கு ரத்து. ஓட்டின பிள்ளைக்கு 25 வயசு வரை லைசன்ஸ் கிடையாது.

அண்ணன் இன்னொரு வழி சொல்றான். 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள போற சின்ன பேட்டரி வண்டிக்கு லைசன்ஸே வேண்டாமாம். அது உண்மைதான். ஆனா எதிரே வர்ற மணல் லாரிக்கு அது தெரியுமா? லைசன்ஸ் வேண்டாம் என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லையே!

வீட்டுல லைசன்ஸ் எடுக்க வயசு வந்த பிள்ளை அக்கா ஒருத்திதான். அவளை ஏன் பின் சீட்டுல உட்கார வைக்கணும்? பொண்ணு என்பதாலா? அவ எல்.எல்.ஆர். எடுக்கட்டும். எல் போர்டு மாட்டிக்கிட்டு, லைசன்ஸ் உள்ள அப்பாவைப் பின்னால உட்கார வைச்சு, மைதானத்துல பழகட்டும். 30 நாள் கழிச்சு எட்டு போட்டுக் காட்டி லைசன்ஸ் வாங்கட்டும். அப்புறம் ஹெல்மெட் போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போகட்டும். அண்ணனும் நானும் எங்க முறை வரும்வரை சைக்கிள்ல போறோம்.

ஆகவே என் தீர்ப்பு: வண்டி பேட்டரி வண்டி. சாவி அக்கா கையில்.

அப்பா இன்னும் சம்மதிக்கலை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வருவார். இந்தச் சுவர் முன்னாடி கூட்டிட்டு வந்து நிறுத்தலாம்னு இருக்கேன். நண்பர்களே, உங்க வீட்டுல சாவி யார் கையில? வயசு வந்தவங்க கையிலதானா?



— ஒன்பதாம் வகுப்பு மாணவி