கண் சிமிட்டிய கருடன்

எங்கள் வீட்டில் போட்டோ எடுப்பது பிள்ளையின் வேலை. தலை வாரிக்கொண்டு போய் நிற்பதோடு என் பங்கு சரி. நாத்தனார் குழந்தைகளை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போன அன்றுதான், "இங்கே கொடுடா" என்று அவனிடமிருந்து போனை வாங்கினேன்.

குழந்தைகள் புலியைப் பார்க்க ஓடிவிட்டார்கள். நான் கருடன் கூண்டு முன்னால் நின்றுவிட்டேன். வானத்தில் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே செம்பருந்து! வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு.

முதல் படத்தில் கம்பிவலைதான் பளிச்சென்று விழுந்தது. இரண்டாவதில் தலை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெறும் வெள்ளை. மூன்றாவதில் கண்ணில் பூ விழுந்தாற்போல் இருந்தது. "ஐயோ பாவம், கண் தெரியாதா?" என்று பராமரிப்பாளரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "அதுக்கு மூணாவது இமை இருக்கும்மா. கண்ணைத் துடைச்சுக்க மூடித் திறக்கும். அந்த நேரம் பார்த்து எடுத்துட்டீங்க."

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வலையில் வெயில் அடிக்காத பக்கமாக நில்லுங்கள். பறவை வலையை விட்டுத் தள்ளி உட்காரும்வரை பொறுங்கள். வலை தானாக மங்கிவிடும். திரையில் அதன் கண்மேல் விரலை வைத்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கைதட்டிக் கூப்பிடுவதும், தடுப்பைத் தாண்டுவதும் கூடாது.

நாற்பது படத்தில் ஒன்று தேறியது. இத்தனை பாடு எதற்கு என்கிறீர்களா?

எட்டு வயதில் அப்பா என்னைத் திருக்கழுக்குன்றம் கூட்டிப் போனார். உச்சிவேளையில் மலைமேல் பொங்கல் சாப்பிடக் கழுகு இறங்கியதைப் பார்த்தேன். அப்பாவிடம் கேமரா இல்லை. இப்போது கழுகு வருவதில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை.

அந்த மலைக் கழுகு ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் பிணம் தின்னும் கழுகுகள் நாடெங்கும் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் காரணம் தெரிந்ததுதான். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-ல் அதை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போகவே, 2015-ல் ஊசிமருந்தை ஒருவேளைக் குப்பியில்தான் விற்கலாம் என்றார்கள்.

என் முட்டிவலிக்கு வாங்கிய மாத்திரையிலும் அதே பெயரைப் படித்தபோது திக்கென்றது. மாடு வளர்க்கும் சகோதரிகளே, நம் மருந்தை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். கழுகைக் கொல்லாத மெலாக்சிகம் இருக்கிறது. கால்நடை டாக்டரிடம் கேளுங்கள்.

கருடன் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பேரன் பேத்திகள் அதைப் படத்தில் மட்டுமே பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.